முப்பத்தொரு வினாடி

"நாற்காலியிலிருந்து எழுந்து, அந்தக் கோடு வரைக்கும் நடந்து, திரும்பி வந்து உட்காரணும். அவ்வளவுதான் ஐயா" என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

மூன்றே மீட்டர். பன்னிரண்டு வினாடிக்கு மேல் ஆனால் கீழே விழும் ஆபத்து உண்டு என்று அர்த்தம்.

பெரியவர் அன்னநடை போட்டு முப்பத்தொரு வினாடி எடுத்துக்கொண்டார். நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்தார்.

"என்ன கூத்து இது?" என்றார் கூட வந்த மனைவி. "காலையில பஸ்ஸை விரட்டிப் பிடிச்ச மனுஷன், டாக்டர்."

"அது காலையில" என்றார் பெரியவர்.

"நீங்களும் ஒரு தடவை நடந்து காட்டுங்களேம்மா" என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

"எனக்கென்ன கேடு? நான் நல்லாத்தான் இருக்கேன்."

படிவம் நிரப்ப மனைவி பக்கத்து அறைக்குப் போனார். அந்த நேரம் பார்த்து பிசியோதெரபிஸ்டின் பேனா உருண்டு மேசைக்கு அடியில் ஓடியது. பெரியவர் சட்டென்று குனிந்து, எதையும் பிடிக்காமல் எழுந்து, பேனாவை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"நிஜமாவே நடக்க முடியாதவங்க வெளியில காத்திருக்காங்க. விளையாட நான்தான் கிடைச்சேனா?"

பெரியவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குளியலறையில ரெண்டு தடவை விழுந்துட்டா. கேட்டா சோப்பு வழுக்குச்சுங்கறா. பரிசோதனைக்கு வான்னேன், என்னைக் கிழவியாக்கிட்டீங்களான்னு மூணு நாள் முகம் கொடுக்கல. கைப்பிடி மாட்ட வந்த ஆளை வாசலோட திருப்பி அனுப்பிட்டா. எனக்குன்னா மாட்ட விடுவா. பயமா இருக்கும்மா."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். 'வினாடி' என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். கீழே எழுதினாள்: குளியலறையில் இரண்டு பக்கமும் கைப்பிடி. வழுக்காத விரிப்பு. கடைசியாக ஒரு வரியைத் தானே சேர்த்தாள்: வெளியே போனால் இருவரும் கைபிடித்தே நடக்கவும்.

மனைவி வந்து படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது வேறயா எனக்கு? வாங்க."

கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வாசலில் நான்கு படிகள். மூன்றாவது படியில் மனைவியின் கால் மடங்கியது. பெரியவரின் கை அசையாமல் தாங்கிக்கொண்டது.

"பாத்து வாங்க" என்று அதட்டினார் மனைவி. "நான் மட்டும் பிடிக்கலைன்னா இந்நேரம் விழுந்திருப்பீங்க."

"ஆமா" என்றார் பெரியவர். "விழுந்துதான் இருப்பேன்."