திரும்பி வராத தூக்கு

“அஞ்சு நாள் ஆச்சு பஷீரா. என் தூக்கு இன்னும் வரலை.”

பாலாம்பாள் மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பைத் தேடினாள். எதிர்வீட்டு பஷீரா வாசலிலேயே வழியை மறித்து நின்றாள்.

“எங்க மாமி கிளம்பிட்டீங்க?”

“சைட் சூப்பர்வைசரைப் பாக்க. நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்.”

பொழிச்சலூரில் அவர்கள் தெருக்கோடியில் புது அடுக்குமாடி ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலை செய்கிறவர்கள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். போன வார மழையில் அவர்களுடைய தகரக் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அடுப்பும் போச்சு, துணிமணியும் போச்சு. தெரு சும்மா இருக்குமா? வீட்டுக்கு வீடு புடவை, சட்டை, போர்வை என்று திரட்டிக் கொடுத்தார்கள். சாப்பாடும் முறை வைத்துக்கொண்டு அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை மாமியின் முறை. நெய் விட்ட சாம்பார் சாதம், தன் கல்யாணச் சீராக வந்த பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய. வந்து வாங்கிக்கொண்டு போனவள் சஞ்சுக்தா என்கிற சித்தாள்.

மாமிக்கு மனசு தாராளம்தான். பாத்திரம் என்று வந்தால் மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பாள்.

“மறந்திருப்பா மாமி” என்றாள் பஷீரா.

“மறக்கறதாவது. வியாழக்கிழமை தெருவுல பாத்துக் கேட்டேன். ‘சண்டே, சண்டே’ன்னு சிரிச்சுண்டே ஓடறா. நேத்து நானே கொட்டகைப் பக்கம் போனேன். என்ன பண்ணியிருக்கா தெரியுமா? என் தூக்குலயே அரிசி ஊறப் போட்டு மூடி வச்சிருக்கா. சொந்தப் பாத்திரமாவே ஆக்கிண்டுட்டா.”

“அதுக்காக சூப்பர்வைசர்கிட்ட போவாங்களா? அந்த ஆளைத்தான் உங்களுக்கே தெரியுமே. திருட்டுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், சாயங்காலமே மூட்டையைக் கட்டச் சொல்லிடுவான். கைக்குழந்தையோட எங்க போவா அவ?”

“அடுத்தவா பாத்திரத்துல ஆசை வைக்கறப்போ அதை யோசிச்சிருக்கணும். அவளுக்குன்னு ரெண்டு நல்ல புடவை எடுத்து வச்சிருந்தேன். இனிமே அந்தக் கொட்டகைக்கு என் கையால ஒரு கைக்குட்டை கூடப் போகாது.”

“சண்டேன்னுதானே சொன்னா? இன்னைக்குத்தானே சண்டே. சாயங்காலம் வரைக்கும் பொறுங்க மாமி.”

“மணி பதினொண்ணாச்சு. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க நாள் வேற பாக்கணுமா? அடுத்தவா பொருள் ஒரு ராத்திரி நம்மாத்துல தங்கினா எனக்கெல்லாம் தூக்கமே வராது.”

பஷீராவை விலக்கிவிட்டு மாமி ஒரு காலை வாசலில் வைத்தாள். கேட்டைத் திறந்துகொண்டு சஞ்சுக்தா வந்தாள். தலைக்குக் குளித்து, போன வாரம் துணி திரட்டியபோது மாமி கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். இரண்டு கையிலும் தூக்கைப் பிடித்திருந்தாள்.

“அம்மா, லேட் ஆச்சு. கோபமா?”

மாமி வெடுக்கென்று தூக்கை வாங்கினாள். கனத்தது. மூடியைத் திறந்ததும் வெல்ல வாசனை குப்பென்று வந்தது. உள்ளே எள் ஒட்டிய பலகாரம், வட்டவட்டமாக, பொன்னிறத்தில்.

“என்னடி இது? அதிரசமாட்டம் இருக்கு.”

“அரிசா அம்மா. எங்க ஊர்ல நல்ல நாளுக்குப் பண்றது.” மூன்று வருஷமாகப் பழகிய தமிழில் சஞ்சுக்தா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “அடுப்புல தண்ணி. நேத்துதான் காஞ்சது. உடனே அரிசி ஊற வச்சேன். இன்னிக்கு லீவு. மிஷின்ல அரைச்சு, பாகு வச்சுப் பண்ணினேன். சோறு வந்த பாத்திரம், காலியா குடுக்கக் கூடாது. எங்க அம்மா திட்டும்.”

மாமி மூடியைத் திரும்பப் போட்டாள். அவள் வீட்டிலும் இதே வழக்கம்தான். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் அடுத்தவர் பாத்திரத்தைக் கொடுப்பார்கள். பாழாய்ப்போன கோபத்தில் அது தோன்றவே இல்லை. முகம் கொடுக்க வெட்கமாக இருந்தது.

விறுவிறுவென்று உள்ளே போனாள். எடுத்து வைத்திருந்த இரண்டு புடவையோடு அலமாரியிலிருந்து மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். குழந்தைக்கு என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் போனது. சஞ்சுக்தா சிரித்துக்கொண்டே கிளம்பினாள்.

மாமி பஷீராவின் பக்கம் திரும்பினாள்.

“நல்ல வேளை, நீ தடுத்தே. பெரிய பாவம் பண்ண இருந்தேன்” என்றபடி ஒரு அரிசாவைக் கடித்தாள். “என் அதிரசம் இதுகிட்ட தோத்தது போ. இரு, நீயும் கொஞ்சம் எடுத்துண்டு போ.”

சமையலறை அலமாரியிலிருந்து நீல மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்து, பத்து அரிசாவை அடுக்கி நீட்டினாள். நீட்டினவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“டப்பாவை மட்டும் ஞாபகமா நாளைக்கே திருப்பிக் கொடுத்துடு பஷீரா.”

பஷீரா டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

“இது எங்க டப்பாதான் மாமி. போன பெருநாளுக்கு முந்தின பெருநாள்ல உங்களுக்கு சேமியா போட்டுக் கொடுத்தது.”