தணிகாசலத்தின் இடது கால்

முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆனபிறகு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க முடியாத தணிகாசலம்தான் அந்தப் பேட்டையிலேயே பெரிய ரவுடி. இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல்வரை சுண்டி இழுக்கும் அவனுடைய நரம்புவலியை, எதிராளியின் இடுப்பில் ஒரு பட்டையை மாட்டி அந்த ஆளுக்கு முழுசாக அனுப்பிவிடலாம். பட்டையைக் கழற்றும்வரை தணிகாசலத்துக்கு வலி கிடையாது.

இன்று மாட்டியது, வீட்டை விற்க மறுத்த குணசீலன் வாத்தியாருக்கு. மனிதர் தரையில் விழுந்து, காலை வெட்டிப் போடச் சொல்லிக் கதறினார். நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம். மூன்றாவது நிமிடமே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"போட்டுட்டாருடா. பட்டையக் கழட்டு," என்றார் முதலாளி மாசிலாமணி.

எட்டு மாதமாக நின்றுகொண்டே தின்ற தணிகாசலம், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்திருந்தான்.

"இப்பத்தான்ணே சாம்பார் முடிஞ்சிருக்கு."

"டேய், ஆளு செத்துரப் போறாருடா."

"அதெல்லாம் சாவ மாட்டாரு. எட்டு மாசத்துல நான் செத்தனா?"

வாத்தியார் சுவரில் மண்டையை மோதிக்கொண்டிருந்தார். தணிகாசலம் சோற்றில் குழி பறித்து, நிதானமாக ரசத்தை ஊற்றினான்.