பன்னிரண்டாம் படிவம்

"இஞ்ச பாரும் எலிசபெத், பன்னிரண்டு படிவமும் ஒரே பேனா, ஒரே கை! அந்த மனுசி வீட்டில இருந்து தானே நிரப்பிக்கொண்டு வந்திருக்கு."

சுகாதாரத் துறை ஆய்வுக்குப் பொறுப்பான குணரத்தினம் படிவங்களை மேசையில் பொத்தென்று போட்டார்.

டைப்பிஸ்ட் எலிசபெத், கோலாலம்பூர்க்காரி, எட்டிப் பார்த்தாள். "ஆமா சார், எல்லா டிக்கும் ஒண்ணு போலத்தான் இருக்கு. ஆனா பர்வின் அக்கா அப்படிச் செய்ற ஆள் இல்லயே."

"ஆளைப் பாத்தா என்ன தெரியும்?"

விஷயம் கொஞ்சம் கூச்சமானது. காம இச்சையை அடக்க முடியாமல் குடும்பத்தையும் வேலையையும் கெடுத்துக்கொண்டு தவிக்கிறவர்களைக் கண்டுபிடிக்கும் இருபத்தைந்து கேள்விப் படிவம் அது. 'ஆம்', 'இல்லை' என்று டிக் போட்டால் போதும். ஆக்லாந்தில் இருக்கும் ஈரானியர்களுக்காக அதை மூன்று மாதம் உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் படிக்கிற மாதிரி பாரசீகத்துக்குக் கொண்டு வந்தவர் பர்வின்.

தபாலில் அனுப்பிய நாற்பதில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. "என்னிடம் கொடுங்கள்" என்று பர்வின் வாங்கிப் போனார். இரண்டே வாரத்தில் பன்னிரண்டு!

படிவங்கள் உண்மையானவை என்று குணரத்தினம் கையெழுத்துப் போட்டால் பாரசீகம் பேசுகிறவர்களுக்குத் தனி கிளினிக் வரும். போடாவிட்டால் கிளினிக்கும் கிடையாது, பர்வினுக்கு வேலையும் கிடையாது. ரிப்போர்ட் இன்று மாலைக்குள் போயாக வேண்டும்.

நேரிலேயே கேட்டுவிடுவது என்று படிவங்களையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, நியூ லின்னில் இருந்த பர்வின் வீட்டுக்குக் காரை விட்டார்.

கதவைத் திறந்தவர் பர்வினின் கணவர் பெஹ்ரூஸ், டாக்சி ஓட்டுகிறவர். வந்த காரணம்கூடக் கேட்காமல் கண்ணாடி டம்ளரில் தேநீரும் சர்க்கரைக் கட்டியும் கொண்டு வந்து வைத்துவிட்டு, அடக்கமாகச் சமையலறைக்குள் போய்விட்டார். இவ்வளவு தங்கமான மனுஷனுக்கு இப்படி ஒரு பொய்க்காரி வாய்த்தாளே என்று நினைத்துக்கொண்டார் குணரத்தினம்.

பர்வின் வந்ததும் ஆங்கிலத்தில் நேராகவே கேட்டார். "இதெல்லாம் நீங்கள் போட்ட டிக்தானே?"

"ஆமாம்."

ஒளிவுமறைவே இல்லை. குணரத்தினத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

"வாருங்கள்" என்று பின்பக்கம் துணி துவைக்கும் அறைக்குக் கூட்டிப் போனார் பர்வின். சாத்திய பின்கதவுக்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலி கிடந்தது.

"ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவராக இந்தக் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கேள்வியைப் படித்தேன். ஒரு முறை தட்டினால் ஆம். இரண்டு முறை தட்டினால் இல்லை. பேசினால் ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். இந்த ஊரில் நாங்கள் எத்தனை பேர், சொல்லுங்கள்?"

"அவர்களே எழுதியிருக்கலாமே?"

"ஈரானில் என் தம்பி ஒரு கேள்வித்தாளுக்குத் தன் கையால் பதில் எழுதிக் கொடுத்தான். அதை வைத்துத்தான் அவனைக் கொண்டுபோனார்கள். இங்கே வந்தவர்கள் வீட்டிலெல்லாம் இப்படி ஒருவன் இருக்கிறான். அதனால் எழுதுகிற கை என்னுடையதாக இருக்கட்டும் என்றேன்."

படிவம் நிரப்பப் பயப்படுவது யாழ்ப்பாணத்தை விட்டு வந்த குணரத்தினத்துக்குத் தெரியாததா? தெரிந்திருந்தும் தோன்றவில்லையே! இந்த மனுஷியையா பொய்க்காரி என்றோம் என்று வெட்கமாக இருந்தது.

ஆனாலும் ரிப்போர்ட் ரிப்போர்ட்தான். பன்னிரண்டாம் படிவத்தை நீட்டினார். ஆங்கில மூலத்தின்படி பதினாறாவது கேள்வி: 'இந்தப் பழக்கத்தை உங்கள் மனைவியிடம் மறைத்து வருகிறீர்களா?' முதலில் 'ஆம்' என்று டிக் போட்டு, பிறகு அதை அடித்து 'இல்லை' என்று போட்டிருந்தது.

"இது மட்டும் ஏன் அடித்தல் திருத்தல்?"

பர்வின் தாளை வாங்கினார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

"பெஹ்ரூஸ்தான் ஆட்களைக் கூட்டி வந்து, ஒருவர் போன பிறகு ஒருவராக அனுப்பினார். பதினொரு பேர். முடிந்தது என்று எழுந்தேன். மறுபடி கதவு தட்டிற்று."

"யார்?"

"வெளியே அப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒருவர்."

சமையலறையில் டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. குணரத்தினம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எழுந்து போயிருக்கலாமே?"

"மற்ற பதினொரு பேருக்கும் முழுசாகப் படித்தேனே. அவருக்கு மட்டும் எப்படிப் பாதியில் நிறுத்துவது? பதினாறாவதுக்கு முதலில் ஒரு தட்டுதான். டிக் போட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு இரண்டு முறை தட்டினார்."

"ஏன் மாற்றினார்?"

"கேட்கிறது நான்தான் என்று அவருக்குத் தெரியும். இனிமேல் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?"

குணரத்தினம் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பதினேழிலிருந்து இருபத்தைந்து வரை ஒரு டிக்கூடக் கோணவில்லை.

ரிப்போர்ட்டை எடுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். அதுதான் கோணலாக விழுந்தது.