கூரை போட வந்தவர்கள்

"கூரையைப் போட்டு முடிச்சதும், ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுக்கு வாங்கன்னு கூப்பிடுவீங்க. அதானே?"

தையல்காரி வாசலிலேயே கேட்டுவிட்டாள். தகரமும் மரச்சட்டங்களும் ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த தச்சர், நெற்றி வியர்வையைத் துடைத்தார். "இல்லம்மா. கூரை போடத்தான் வந்தோம்."

புயல் அடித்துப் பத்து நாளாகிவிட்டது. அவள் வீட்டுக் கூரை எங்கே போய் விழுந்தது என்றே தெரியவில்லை. மேலே கட்டியிருந்த தார்ப்பாய் ஒவ்வொரு மழைக்கும் தொப்பை போட்டுத் தொங்கியது. அதற்குக் கீழேதான் மகளும், அவள் பெற்று இருபது நாளேயான குழந்தையும். தையல்காரி தொட்டிலை மூலைக்கு மூலை நகர்த்தி அலுத்துப்போயிருந்தாள்.

அதனால் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. நம்பவும் முடியவில்லை. அந்தச் சபைக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவள் கும்பிடும் சாமியே வேறு. சும்மா யார் செய்வார்கள்?

நான்கு நாள் வேலை நடந்தது. தச்சருக்கு உதவியாக வந்த மருந்துக்கடைக்காரர், ஆணியை அடித்ததைவிடத் தன் கட்டைவிரலை அடித்துக்கொண்டதுதான் அதிகம். தலைமையாசிரியை ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே இருந்தவர்களை வகுப்புப் பிள்ளைகளைப்போல் அதட்டிக்கொண்டிருந்தார். யாரும் பிரசங்கம் செய்யவில்லை. குழந்தை தூங்கினால் மட்டும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அவளாகவே டீ போட்டுக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டே அவர் விரலுக்குத் துணி சுற்றிவிட்டாள்.

கடைசித் தகரத்தை அடித்து முடித்த மாலையில் மழை கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அத்தனை இரைச்சலிலும் குழந்தை அசையாமல் தூங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்த தையல்காரி தச்சர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இந்த ஞாயித்துக்கிழமை நானே உங்க சர்ச்சுக்கு வரேன். உங்க சாமிக்கு ஒரு நன்றி சொல்லணும்."

தச்சர் முகம் மாறியது. தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் ஏணியை மடக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

"இப்ப வேணாம்மா," என்றார் தச்சர். "கொஞ்ச நாள் போகட்டும்."

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து வேலை செய்யலாம், பக்கத்தில் உட்கார மட்டும் நாம் ஆகாதோ? இரண்டு நாள் மகளிடம் புலம்பித் தீர்த்தாள். ஏதாவது காரணம் இருக்கும், விட்டுவிடு என்றாள் மகள். அவளால் விட முடியவில்லை. ஞாயிறு காலை, தூறலையும் பார்க்காமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். உள்ளே போகப்போவதில்லை, வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

பாட்டுச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. கதவு அகலத் திறந்துதான் இருந்தது. உள்ளே பெஞ்சுகளில் ஐம்பது அறுபது பேர் குடை பிடித்தபடி பாடிக்கொண்டிருந்தார்கள். புரியாமல் அண்ணாந்து பார்த்தாள். நான்கு சுவர்களுக்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது.

அவளைக் கண்டதும் தச்சர் எழுந்து வந்து, தன் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

"பாத்தா சங்கடப்படுவீங்கன்னுதான் வரவேணாம்னு சொன்னேன்," என்றார் மெதுவாக. "இதுக்கு வாங்கி வெச்ச தகரம்தாம்மா உங்க வீட்டுல இருக்கு. பரவால்ல, நாங்க வாரத்துல ரெண்டு மணி நேரம்தானே நனையறோம்."