எட்டாவது குச்சி

மறுபடியும் இடப்பக்கம்.

வைக்கோல் கட்டின்மேல் வைத்த சுண்ணாம்புப் புள்ளிக்கு ஒரு சாண் தள்ளிப் போய்க் குத்தி நின்றது அம்புக்குச்சி.

அவள் பல்லைக் கடித்தாள்.

எட்டுக் குச்சி. அறுபதில் பொறுக்கிய எட்டு. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி வளைத்து, நகைத் தராசில் நிறுத்து, ரேகை நேராக ஓடுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்து எடுத்தவை. போன வருஷம் இதே அளவுக் குச்சிகள் நூல் பிடித்தாற்போல் போயின. இன்றைக்கு என்ன பேய் பிடித்ததோ, ஒன்று பாக்கியில்லாமல் இடப்பக்கம் ஓடுகின்றன.

விறைப்பு. வேறென்ன? விறைத்த குச்சி வில்லைச் சுற்றி வளையாது, முட்டிக்கொண்டு ஒதுங்கும். உப்புத்தாளால் தேய்த்தால் இளகும். கூடத் தேய்த்துவிட்டால் அடுப்புக்குத்தான்.

ஏழு குச்சிகளைத் தேய்த்து வழிக்குக் கொண்டுவந்தாயிற்று. இது எட்டாவது. மத்தியானம் மணி மூன்று. இறகு ஒட்ட வேண்டும், ஒட்டியது காய வேண்டும். விடிந்தால் மாநில அணிக்குத் தேர்வு.

பேச்சிமுத்துவுக்கு, அவள் தம்பிக்கு, இதுதான் கடைசி வருஷம். வயசு தாண்டினால் அணியும் இல்லை, அணியை நம்பியிருக்கிற வேலையும் இல்லை. அவள் மூங்கிலைப் பிளந்து அந்த வில்லைச் செய்ததே அவனுக்காகத்தான்.

அவன் போய் இடது கையால் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை தடியன். விடு என்றால் விட்டான். எடு என்றால் எடுத்தான்.

உப்புத்தாளை மடித்தவள் நிறுத்தினாள்.

மரம் சரியில்லை என்றால் ஒன்று இப்படிப் போகும், ஒன்று அப்படிப் போகும். எட்டும் ஒரே பக்கமா போகும்?

இன்னொரு தடவை விடச் சொன்னாள். இந்தத் தடவை குச்சியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

ஒவ்வொரு குச்சியின் முனையிலும் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். முழுக்க இழுத்தால் அந்த நூல் வில்லைப் பிடித்த விரலைத் தொட வேண்டும். அவள் வைத்த அடையாளம்.

தொடவில்லை.

இரண்டு விரற்கடை முன்னால் நின்றது. அவன் உதடு வெளுத்திருந்தது.

விட்டான். இடப்பக்கம்.

அவளே எழுந்து போய்க் குச்சியைப் பிடுங்கி வந்தாள். வில்லை வாங்கினாள். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே கை நீளம். நூல் விரலைத் தொடுமட்டும் இழுத்தாள். விட்டாள்.

புள்ளியின் நடுவில்.

குச்சியில் ஒரு குறையும் இல்லை.

"சொல்லுலே. எத்தன நாளா?"

இரண்டு மாசம் என்றான். தோள் வீங்கியது, மாத்திரை போட்டே ஓட்டியது, தசைநார் பாதி கிழிந்திருப்பது, மீதியும் போனால் கையைத் தலைக்கு மேல் தூக்க வராது என்று டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முதலிலேயே சொல்லியிருந்தால் வில்லைப் பிடுங்கி வைத்திருப்பாய் என்றான்.

வைத்திருப்பாள்தான்.

காலையிலிருந்து எத்தனை தடவை விடச் சொன்னாள்? குச்சிக்கு ஐந்தென்றாலும் நாற்பது. அத்தனை தடவையும் மரத்தைத் திட்டினாளே, பாவி. கோபம் அவன்மேலா தன்மேலா என்று தெரியவில்லை.

வில்லின் நாணைக் கழற்ற அவள் கை போனது.

"யக்கா." அவன் குரல் உள்ளே போயிருந்தது. "ரெண்டு விரக்கடை குறைச்சு இழுத்தா வலி தாங்குது. அது போதும்க்கா."

அவள் நாணிலிருந்து கையை எடுத்தாள்.

நாளைக்கு எத்தனை தடவை அம்பு விட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். முப்பத்தாறு என்றான்.

தேய்த்து வைத்த ஏழும் சாக்கில் வரிசையாகக் கிடந்தன. சற்று முன்வரை அவற்றைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். குறைச்சு இழுத்தால் இளகிய குச்சிதான் வளையும்; ஏழும் அவன் வலிக்கு அளவெடுத்த மாதிரி தேய்ந்திருந்தன.

மிச்சம் ஒன்று. புள்ளியின் நடுவில் குத்தி நின்றது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்ப் பிடுங்கி வந்தாள். உட்கார்ந்து வில்லைத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

நல்ல குச்சியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

தேய்ப்பாள். கட்டைவிரலால் அழுத்துவாள். ஏழாவதை எடுத்து அழுத்திப் பார்ப்பாள். மறுபடி தேய்ப்பாள். இது வரைக்கும் எந்தக் குச்சியையும் விட்டுப் பார்க்காமல் அவள் முடித்ததில்லை.

பேச்சிமுத்து வில்லுக்குக் கை நீட்டினான். ஒரு தடவை விட்டுப் பார்த்துவிடலாமே என்றான்.

அவள் கொடுக்கவில்லை.

எட்டிலும் சிவப்பு நூலைப் பிரித்தாள். முனையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, ஒவ்வொன்றாக, இறுக்கிச் சுற்றினாள்.