முன்கூட்டியே ஒரு நன்றி

“நடக்காத அற்புதத்துக்கு நான் படம் போட மாட்டேன்,” என்றார் எர்மினியோ. தூரிகையை நிறுத்தவில்லை.

சான் ஹுவான் மாதா கோயில் வாசலில் அவர் கடை. சாவிலிருந்து தப்பியவர்கள் வந்து கதையைச் சொல்வார்கள். அவர் அதைத் தகரத் துண்டில் வரைந்து கொடுப்பார். அதை நன்றிக் காணிக்கையாகக் கோயிலுக்குள் மாதாவின் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போவார்கள். முதலில் பிழைக்க வேண்டும், பிறகுதான் படம்.

எதிரே நின்ற ஒத்தீலியாவால் அதுவரை காத்திருக்க முடியாது. புருஷன் அமெரிக்காவுக்குப் பருத்தி எடுக்கப் போனவன். எல்லையில் பிராவோ ஆற்றைத் தாண்டும்போது வெள்ளம் இழுத்துவிட்டதாகக் கூடப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இறந்தோர் பூசை. மாமியார் கறுப்புத் துணிகூடத் தைத்துவிட்டாள். அதற்குள் அவன் உயிரோடு திரும்பியதாக ஒரு படம் சுவரில் ஏறியாக வேண்டும்.

“நன்றியை வாங்கிக்கிட்டு மாதா சும்மா இருந்துடுவாளா? நாலு பேர் பார்ப்பாங்க. அவளுக்கும் மானம் இருக்குல்ல.”

“மாதாவையே மிரட்டுறியா?”

“வேற யாரை மிரட்டட்டும்? மாமியாரை மிரட்டிப் பார்த்தாச்சு.”

எர்மினியோ சிரிக்கவில்லை. தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு, புருஷன் பேர் என்ன என்று கேட்டார். ஹொஸே என்றாள். இந்தச் சுவரில் பாதிப் பேர் ஹொஸேதான் என்று முனகினார். ஆள் எப்படி? கறுப்பு, குட்டை, மீசை.

“எல்லாருக்கும் நான் போடுறது அதே மீசைதான். வேற சொல்லு. வீட்டுல ஆடு, கழுதை, ஏதாவது?”

கிழவர் இளகிவிட்டார் என்று நினைத்தாள். ஒரு வெள்ளை நாய் இருப்பதாகச் சொன்னாள். அதன் ஒரு காதைப் பன்றி கடித்து எடுத்துவிட்டது. அவன் போனதிலிருந்து வாசலைவிட்டு நகர்வதில்லை.

“எந்தக் காது? யோசிச்சுச் சொல்லு.”

“இடது. நாய்க் காதுல என்ன இருக்கு? ஆளைப் போடுங்க பெரியவரே.”

“தப்பாச் சொன்னா பாவம் எனக்கு வரும்.”

“இடதுதான். மருந்து போட்டவ நான்.”

எர்மினியோ எழுந்தார். சுவரைப் பார்த்துத் திருப்பிச் சாய்த்திருந்த ஒரு தகரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். வண்ணம் இன்னும் காயவில்லை. பழுப்பு வெள்ளம். மரக்கட்டையைப் பிடித்துத் தொங்கும் ஒரு மீசைக்காரன். மேகத்தில் மாதா. கரையில் ஒரு பெண். அவள் காலடியில், இடது காது இல்லாத வெள்ளை நாய்.

“பொண்டாட்டியும் நாயும் இல்லாட்டி அது கரையே இல்லைன்னு காலையில வந்து அடம்பிடிச்சான். மாதாகிட்ட நன்றி சொல்லாம வீட்டு வாசலை மிதிக்கறதில்லைன்னு நேர்ச்சையாம். உள்ள பீடத்துக்கு முழங்கால்லயே போய்க்கிட்டு இருக்கான். ரொம்ப தூரம் போயிருக்க மாட்டான், ஓடு.”