எஸ்ஸுக்குப் பின்னால்

படகு இன்ஜின் பட்டறையின் புதுக் கண்ணாடியில் காலை வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. அதில் 'மை சன்ஸ் ஒர்க்‌ஷாப்' என்று ஆங்கிலத்தில் ஒட்டி முடித்த ஸ்டிக்கர்காரர், மிச்சமிருக்கும் அப்பாஸ்ட்ரஃபியை, எறும்பளவு கறுப்புத் துண்டை, விரல்நுனியில் ஏந்திப் பட்டறைக்காரரைப் பார்க்கிறார். "அண்ணே, ஒரு பையன்னா இது எஸ்ஸுக்கு முன்னாடி வரும், ரெண்டு பேர்னா பின்னாடி. எங்க ஒட்டட்டும்?" உள்ளே அவருடைய இளைய மகனின் சுத்தியல் சத்தம் சட்டென்று நின்றுபோகிறது. பழுது பார்த்த இன்ஜினை ஓட்டிப் பார்க்கக் கடலுக்குள் போன மூத்தவன் ஒரு வாரமாகியும் கரை திரும்பவில்லை; தேடப் போன படகுகளும் நேற்றோடு கைவிட்டுவிட்டன. பட்டறைக்காரர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார்: "பின்னாடி." "அப்பா..." என்று இழுக்கிறான் இளையவன். "பின்னாடிதான் ஒட்டணும் தம்பி!" என்று ஸ்டிக்கர்காரரிடம் கத்தியவர், அந்தத் துண்டைத் தானே பிடுங்கி எஸ்ஸுக்குப் பின்னால் வைத்து, கட்டைவிரல் வெளுக்க அழுத்துகிறார். அது ஒட்டிக்கொண்ட பிறகும் விரலை எடுக்க மறுக்கிறார்.